‘ஒரு நாள் வேலைதானே தம்பி?’

கேள்வி:

ஐயா, எனக்கு 27 வயது. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கப் போகிறார். கொழும்பில் ஒரு துப்புரவுக் கம்பனியில் ஐந்து வருடம் வேலை செய்தேன். வெளிச்சுவர், கூரை, முற்றம் கழுவும் வேலை. போன வருடம் ஊருக்குத் திரும்பிக் கடன் எடுத்து ஒரு பெற்றோல் பிரஷர் மெஷின் வாங்கினேன். மாதம் 9,000 ரூபாய் தவணை.

வேலை வருகிறது, சல்லி நிற்பதில்லை. எல்லோரும் முதலில் கேட்பது “எவ்வளவு?” என்றுதான். அடுத்தது “கூட இருக்கே, குறைங்க.” சிங்கள ஆட்களும் அப்படித்தான், “அடு கரன்ன பெரித மல்லி?” என்பார்கள். போன மாதம் நுவரெலியாப் பாதையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஓட்டுக் கூரை, வெளிச்சுவர், இன்டர்லொக் முற்றம் எல்லாவற்றுக்கும் 38,000 சொன்னேன். “ஹட்டன்ல ஒருத்தர் 20,000க்குச் செய்றார். ஒரு நாள் வேலைதானே தம்பி? ரெண்டு ஆள் கூலி போட்டாலும் எவ்வளவு வரும்?” என்றார் முதலாளி. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து 22,000க்கு ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் பிடித்தது. உதவியாளுக்கு 6,000, ஓட்டோவுக்கு 5,000, பெற்றோல் 4,500, குளோரின் சவர்க்காரம் 2,800, சாப்பாடு 1,700. மிச்சம் 2,000.

இப்போது அவரே ஏப்ரல் சீசனுக்கு முன்னால் இன்னொரு வீட்டைக் கழுவித் தரச் சொல்லுகிறார், அதே ‘ரேட்டில்’. இன்னொரு பக்கம் லயத்தில் இருக்கும் என் சித்தி, தன் வீட்டு ஷீட் கூரையில் உள்ள பாசியை மெஷின் போட்டு எடுத்துத் தரச் சொல்லுகிறார். அவரிடம் காசு கேட்க மனம் வரவில்லை. விலை மட்டும் பேசுகிற ஆட்களிடம் எப்படிப் பேசுவது?

— பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்:

தம்பி, உங்கள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மிச்சம் 2,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மிச்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 108,000 ரூபாய் தவணை. நொசில், குழாய், ஒயில், பம்பு சீல் என்று வருடத்துக்கு ஒரு 42,000 ஆவது போகும். ஆகமொத்தம் 150,000. வருடத்தில் எத்தனை நாள் மெஷினை வெளியே எடுக்கிறீர்கள்? மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் உங்கள் பக்கத்து மலைகளில் வானம் வெளுப்பது அபூர்வம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. 150 நாள் வேலை கிடைத்தாலே நல்ல வருடம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு வேலை நாளும் மெஷினுக்கே 1,000 ரூபாய் கொடுக்க வேண்டும். இரண்டு நாளுக்கு 2,000. உங்கள் கையில் நின்றதும் அதே 2,000. அந்த இரண்டு நாளும் ஏணியில் நின்ற உங்களுக்கு ஒரு சதம் கூடக் கிடைக்கவில்லை.

அதே இரண்டு நாள் உங்கள் அம்மா மலைக்குப் போயிருப்பார். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே 2,700 ரூபாய். தோட்டச் சம்பளம் போதாது என்றுதான் நீங்கள் தோட்டத்தை விட்டு வந்தீர்கள். அதையும் விடக் கீழே போய் நிற்கிறீர்கள். உங்களைக் குத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த இடத்தைக் கடக்காமல் வாடிக்கையாளரிடம் என்ன பேசினாலும் பயனில்லை.

நம்முடைய ஆட்களுக்கு விலை என்றால் இன்னொருவர் தீர்மானிப்பது. தராசில் கொழுந்தை வைப்போம், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், மிச்சத்தை எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். 1,000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015 இல் எழுந்தது, வர்த்தமானியில் அது ஏற 2021 மார்ச் ஆனது. கூட்டு ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, ஆர்ப்பாட்டம் எல்லாவற்றையும் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் நீங்கள். எதிரில் இருக்கிறவர் “கூட” என்று சொன்னவுடனே நமக்குள் ஏதோ ஒன்று தலை குனிந்துவிடுகிறது. எனக்கும் அது இருந்தது, போக வருடங்கள் பிடித்தன. கூரை கழுவுகிற வேலைக்கு வர்த்தமானி வராது. அந்தத் தொகையை நீங்கள்தான் எழுத வேண்டும், செலவுக் கணக்கைப் பார்த்து, வீட்டில் இருந்து, அமைதியாக. கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றுகொண்டு அல்ல.

இனி அந்த முதலாளி. “ஒரு நாள் வேலைதானே” என்று அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த அளவுகோல் ஆள்கூலி ஒன்றுதான், வேறு அளவுகோலை நீங்கள் அவர் கையில் கொடுக்கவில்லை. பாசி போன சுவர் கழுவிய அன்று யார் கழுவினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தண்ணீரை மட்டும் வேகமாக அடித்தால் மேலே தெரிகிற பச்சை போகும். சீமெந்தின் நுண்துளையிலும் ஓட்டின் சொரசொரப்பிலும் ஒட்டியிருப்பது அப்படியே இருந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் திரும்பப் படரும். குளோரினைச் சரியான அளவுக்குக் கரைத்துத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் காய விடாமல் ஊற வைத்து, பிறகு மெல்லக் கழுவினால் பாசி செத்துப் போகும், திரும்பி வர நாளாகும். 20,000 ரூபாய்க்காரர் எதைச் செய்கிறார், நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை அவர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வித்தியாசம் 18,000 ரூபாய்.

ஜோர்ஜ் அக்கர்லோவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே குறைந்த விலைதான் கொடுப்பார். அந்த விலைக்குக் கட்டாமல் நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். பிறகு 2001 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கெஸ்ட் ஹவுஸில் உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

இதற்கு மருந்து உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. அம்மாவின் கொழுந்து தராசில் ஏறும்போது அதற்கு எடை மட்டும்தான். அதே கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது? 1883 ஜூலை 30 ஆம் திகதி தொடங்கிய அந்த ஏலத்தில் யாரும் எடையை மட்டும் பார்த்து விலை கேட்பதில்லை. முன்கூட்டியே மாதிரி போகும். சுவை பார்க்கிறவர்கள் வரிசையாகக் கோப்பை வைத்து, நிறம் பார்த்து, உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். ஒரே ஒரு கிலோ தூள்தான், ஆனால் உங்கள் உயரத்தில், 1,200 மீற்றருக்கு மேலே விளைந்ததற்கு ஒரு விலை, கீழ்நாட்டுத் தேயிலைக்கு வேறொரு விலை. மாதிரி காட்டாமல் தேயிலையே விலை போகாது என்றால் கூரை கழுவுகிறவர் மட்டும் வாயால் சொல்லி விற்க முடியுமா?

ஆகவே போனில் விலை சொல்வதை நிறுத்துங்கள். “வந்து பார்த்துச் சொல்றேன் சேர், எப்படியும் 10,000க்குக் குறைஞ்ச வேலைக்கு நான் மெஷினை ஏத்துறதில்ல” என்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் கேட்டவுடனே போனை வைக்கிறவர் எப்படியும் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, உங்களுக்கு ஓட்டோக் காசு மிச்சம். போன இடத்தில் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். கடைசியாக எப்போது கழுவியது? யார் கழுவியது? அதற்குப் பிறகு எங்காவது ஒழுகியதா? இப்போது ஏன் கழுவுகிறார்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் வியாபாரம் இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ்காரர் பாசிக்குப் பயந்து கழுவுவதில்லை. ஏப்ரலில் கொழும்பிலிருந்து குடும்பங்கள் வரும், முற்றத்தில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் அந்த வருடத்துப் பெயர் போய்விடும். அவர் வாங்குவது அந்த நிம்மதியை. அதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவருக்கும் “எவ்வளவு?” என்ற கேள்விக்கு எண்ணை மட்டும் சொல்லுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் உடனே உணர்வார்.

பிறகு மாதிரி. முற்றத்தின் ஒரு மூலையில், சுவரில் பாசி தடித்த இடத்தில், இரண்டு அடிக்கு இரண்டு அடி அளந்து இரண்டு கட்டம். ஒன்றில் தண்ணீர் மட்டும். மற்றதில் குளோரின் மருந்து தெளித்து ஊற வைத்துக் கழுவுங்கள். முதல் கட்டத்தை அவர் விரலால் தேய்த்துப் பார்க்கட்டும், பச்சை ஒட்டும். இருபது நிமிட வேலை. இதற்குக் காசு கேட்காதீர்கள். இந்தத் தொழிலில் இலவசமாகக் கொடுக்க வேண்டியது இது ஒன்றுதான் என்பது என் முடிவு.

ஹட்டன்காரரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாதீர்கள். அவரும் தவணை கட்டுகிறவராகத்தான் இருப்பார். “அவர் மருந்து அடிப்பாரா, தண்ணி மட்டுமா? ஓடு உடைஞ்சா யார் மாத்துறது? இன்டர்லொக்குக்கு எசிட் போடுவாரா?” என்று முதலாளியையே கேட்கச் சொல்லுங்கள். எசிட்டைப் பற்றி இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். அது கல்லின் மேல்பூச்சை அரித்து மணலை வெளியே கொண்டுவரும். அடுத்த மழையில் அந்தச் சொரசொரப்பில் பாசி இரண்டு மடங்கு பிடிக்கும். குளோரினும் எசிட்டும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், மூடிய இடத்தில் ஆளையே கொல்லும். அவசரத்துக்கு இரண்டையும் ஒரே நாளில் ஒரே முற்றத்தில் பாவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் உதவியாளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். குளோரின் ஓடுகிற பக்கத்தில் தேயிலைச் செடியோ மரக்கறிப் பாத்தியோ இருந்தால் முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் விட்டு நனையுங்கள். தகரக் கூரையில் பட்ட மருந்தை அப்படியே காய விட்டால் துரு பிடிக்கும்.

இப்போது நீங்கள் சொன்ன 38,000. அதை ஒரே தொகையாகச் சொன்னதுதான் பிழை. மொத்தத் தொகையில் வெட்டுவது எவருக்கும் சுலபம், எதை வெட்டுகிறோம் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது. முற்றம் 12,000, சுவர் 10,000, கூரை 16,000 என்று எழுதிக் காட்டியிருந்தால், “என்னிடம் 22,000தான் இருக்கு” என்று அவர் சொன்னபோது உங்களிடம் பதில் இருந்திருக்கும்: “சரி சேர், முற்றமும் சுவரும் செஞ்சு தர்றேன். கூரையைச் சீசன் முடிஞ்சு பார்ப்போம்.” அதே 22,000தான், ஆனால் ஒரு நாளில் முடிந்திருக்கும், நீங்களும் சம்பாதித்திருப்பீர்கள். காசைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள். அதே வேலைக்குக் காசைக் குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். அடுத்த முறை அவர் இன்னும் கீழேயிருந்து தொடங்குவார். இப்போது தொடங்கியும் விட்டார், ‘அதே ரேட்’ என்று.

குறைக்கக் கூடாது என்றே சொல்ல மாட்டேன். உங்கள் செலவு உண்மையாகவே குறையும் இடத்தில் குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே நாளில் கழுவச் சொன்னால் ஓட்டோக் கூலி பாதியாகும், அந்தப் பாதியை இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள், ஏன் குறைகிறது என்றும் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் ஏப்ரல் கடைசியிலும், ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன்னாலும் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்க வருடத்துக்கு ஒரு கொந்தராத்து எழுதுகிறவருக்குக் குறைத்துக் கொடுங்கள். இலை அடைத்த பீலியால் சுவரில் ஈரம் இறங்கித்தான் பாதிப் பாசி வருகிறது. மலைநாட்டில் கூரையை விடப் பீலியில்தான் நிலையான வருமானம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கோயில் வேலை வந்தால் அதைக் கைங்கரியமாக இலவசமாகச் செய்யுங்கள், அல்லது முழு விலைக்குச் செய்யுங்கள். பாதி விலைக்குச் செய்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். வர்ணம் பூசிய கோபுரத்துக்கு மட்டும் மெஷினைத் தூக்காதீர்கள், சுதையும் வர்ணமும் உரிந்து வந்துவிடும்.

பயத்தில் விலை குறைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். நானும் இதே கழுவும் தொழிலைத் தொடங்கிய மூன்றாம் வருடம், ஒரு பழைய பங்களாவின் கூரை. மூன்று நாள் வேலையை ஒன்றரை நாள் காசுக்கு ஒத்துக்கொண்டேன். காசு குறைந்தால் கை தானாக அவசரப்படும். மேலேயிருந்து கீழாக, ஓடு அடுக்கிய போக்கிலேயே, விசிறி நொசிலால் அடிக்க வேண்டிய இடத்தில் நான் ஏணியில் நின்றபடி கீழேயிருந்து மேலே ஒற்றைத் தாரையாக அடித்தேன். ஓட்டுக்கு அடியில் தண்ணீர் போய், அன்றிரவு வரவேற்பறைச் சீலிங் பலகை இரண்டு இறங்கிவிட்டது. வாங்கிய காசு முழுவதும் சீலிங்குக்கே போனது. அந்த வீட்டுக்காரர் கோபப்படவில்லை. “முழு விலை சொல்லியிருந்தா நான் கொடுத்திருப்பேனே” என்றார். இருபது வருடம் ஆகியும் அந்த வார்த்தை எனக்குள் இருக்கிறது.

எவ்வளவு சொன்னாலும் விலையை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள். “உங்களுக்கு அந்த விலை சரியாப் பட்டா அங்கேயே கொடுங்க சேர், பிறகு ஏதாவது தேவைன்னா என்னைக் கூப்பிடுங்க” என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மரியாதையாக விலகி வந்த இடத்திலிருந்து அடுத்த வருடம் போன் வரும். முறைத்துக்கொண்டு வந்த இடத்திலிருந்து வராது. வெறுமையாக இருக்கிற நாள்களில் இதைச் செய்ய நெஞ்சு பதறும், தெரியும். அந்த நாளை மெஷினைச் சேர்விஸ் பண்ணவும், பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் எடுத்து “பீலி எப்படி இருக்கு?” என்று விசாரிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளியிடம் இந்த வாரமே போங்கள். போன முறை கணக்குப் பிழைத்துச் செய்துவிட்டேன், அந்த விலைக்கு இனிக் கட்டுப்படியாகாது என்று நேராகச் சொல்லுங்கள். அவர் வியாபாரி, புரிந்துகொள்வார். போன முறை செய்த முற்றத்தையும் காட்டுங்கள், இன்னும் பாசி திரும்பவில்லை என்றால் அதுவே உங்கள் மாதிரி. புது வீட்டுக்குப் பகுதி பகுதியாக விலை எழுதி, மூன்றில் ஒரு பங்கு முற்பணம் கேட்டு, சிங்களத்திலோ தமிழிலோ அரைத்தாளில் இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். தொடங்குவதற்கு முன்னால் உடைந்த ஓடு, வெடித்த சுவர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள்.

சித்தியின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி அதுதான். ‘ஷீட்’ என்று எழுதியிருக்கிறீர்கள், தகரமா அஸ்பெஸ்டசா என்று சொல்லவில்லை. அஸ்பெஸ்டஸ் என்றால் எவ்வளவு காசு கொடுத்தாலும், சொந்தமே கேட்டாலும், மெஷினை வைக்காதீர்கள். வேகமான தண்ணீர் பாசியோடு சேர்த்து ஷீட்டின் மேல்தோலையும் உரிக்கும். உள்ளேயிருக்கும் நார் தண்ணீரோடு சுவரிலும் வாசலிலும் படிந்து, காய்ந்ததும் காற்றில் பறக்கும். அஸ்பெஸ்டசின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. மூச்சில் போன நார் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பிரித்தானியா 1999 இல் முற்றாகத் தடை செய்துவிட்டது. இலங்கையும் கட்டுப்படுத்த முனைந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம்முடைய தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடும் அதுதான். சில நாள்களிலேயே கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டிலிருந்து பின்வாங்கியது, தேயிலைத் தடையும் நீங்கியது. தேயிலை பறிக்கிறவர்களின் தலைக்கு மேலே அந்த ஷீட் இன்னமும் இருப்பதற்குத் தேயிலையும் ஒரு காரணம் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறுவதில்லை.

ஷீட்டின் மேல் ஏறவும் வேண்டாம், பழைய ஷீட் பாரம் தாங்காமல் உடைந்து உள்ளே விழுந்தவர்கள் உண்டு. காய்ந்த பாசியைக் கத்தியால் சுரண்டவும் வேண்டாம், பிள்ளைகளையும் சுரண்ட விடாதீர்கள். சித்தி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஏணியைச் சுவரில் சாத்தி, நல்ல முகமூடி போட்டு, பீலியில் அடைத்ததை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கையுறையால் அள்ளி, ஈரமாகவே பையில் கட்டிவிடுங்கள். கூரைப் பாசி அப்படியே இருக்கட்டும், அதனால் உடனே ஷீட் ஒழுகிவிடாது. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துக் குடிக்கிறார்கள் என்றால் குடிக்கிற தண்ணீரை லயத்தின் பொதுத் தண்ணீர்க் குழாயிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தகரம் என்றால் கதை வேறு: மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்து ஒரு மணித்தியாலத்தில் கழுவிக் கொடுத்துவிட்டு, சித்தி ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள்.